பாலத்துக்கு அந்தப் பக்கம்

"பாலம் வந்தாச்சு மாஸ்டர். வழக்கம்போல திருப்பிடவா?"

லேப் மேடம் கேட்டதில் பாதி கேள்வி, பாதி கெஞ்சல். ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போது துளியும் நடுங்காத விரல்கள், ஸ்டியரிங்கில் தந்தியடித்துக்கொண்டிருந்தன. பாலத்தில் ஏறி இறங்கினால் ஹைவே.

திங்கட்கிழமை முதல் அவளுக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரி லேபில் பொறுப்பு. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. "ஹைவேயில காரா? நீயா?" என்று வயிறு குலுங்கச் சிரித்த புருஷன், ராஜினாமா கடிதத்தை அவனே டைப் அடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டான். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கட்டினவளுக்கு இவ்வளவு ஒத்தாசை செய்யும் மனுஷனை வேறெங்கே பார்ப்பது!

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பாடியதோ ஆறு மாதமாக ஒரே பல்லவி: "இன்னும் பக்குவம் வரல மேடம்." ஒரு வாரம் மழை என்றார். ஒரு வாரம் காற்று என்றார். மழையும் காற்றும் இல்லாத வாரம், வெயிலில் கண் கூசும் என்றார். கார் பின்கண்ணாடியில் மட்டும் 'ஹைவே பயிற்சியே எங்கள் தனிச்சிறப்பு' என்று முழ நீளத்துக்கு ஒட்டியிருந்தது.

"திருப்பினா என்ன ஆகும்?" என்றார் மாஸ்டர்.

"என்ன ஆகும்? வேலை போகும். வீட்ல உட்கார்ந்து அவர் சட்டைக்குப் பட்டன் தைப்பேன்."

மாஸ்டர் சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கினார். "சரி, ஏறுங்க."

ஏறினாள். பாலம் இறங்கியதும் ஒரு கன்டெய்னர் லாரி பக்கத்தில் உறுமிக்கொண்டு போனதில் காரே ஒரு குலுங்கு குலுங்கியது.

"மாஸ்டர், லாரி!"

"தெரியுது. இப்ப என்ன பண்ணணும்? நீங்களே சொல்லுங்க."

"ஸ்டியரிங்கை ஆட்டாம... நேரா போகணும்?"

"ம். அதையே பண்ணுங்க."

அப்புறம் ஒவ்வொன்றும் பரீட்சைதான். "அந்தப் பச்சை போர்டு என்ன சொல்லுது?" "இப்ப எந்த லேன்ல போகணும்?" "எண்பதுல போறோமே, இது சரியா? எதுக்கு இவ்வளவு வேகம்?"

"எல்லாரும் எண்பதுல போகும்போது நாம மட்டும் உருட்டிக்கிட்டுப் போனா, பின்னால வர்றவன் இடிச்சிடுவான் மாஸ்டர். உங்க புஸ்தகத்துலதான் போட்டிருக்கு."

"போட்டிருக்கா? ம்... பரவாயில்லையே, படிச்சிருக்கீங்க."

பாராட்டா கிண்டலா என்று அறிய, ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். மாஸ்டர் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார். அடேயப்பா! எத்தனை பேரைத் தேற்றிவிட்ட ஆள்! கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம், இன்ஜின் சத்தத்திலேயே மார்க் போடுகிறார். அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அதோடு அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது. தெருவில் அவருக்குப் பெயரே பிரேக் மாஸ்டர். அந்தக் கால் அங்கே இருக்கும்வரை எமனே வந்தாலும் நின்றுதான் போக வேண்டும்.

பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. கண்ணாடி முழுக்க ஒரு டேங்கர்.

"என்ன பண்ணணும் சொல்லுங்க!" என்று மாஸ்டர் கத்தினார். இந்த நேரத்திலுமா பரீட்சை? அவள் இண்டிகேட்டரைப் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள், ஓர லேனுக்கு நழுவினாள். டேங்கர் சீறிக்கொண்டு கடந்து போனது. அப்படியே அடுத்த பெட்ரோல் பங்குக்குள் வளைத்து நிறுத்தினாள்.

மாஸ்டர் பயிற்சி நோட்டைத் திறந்து, 'ஹைவேக்குத் தயார்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்து ஏனோ கோழி கிளறியதுபோல இருந்தது.

"நீங்க ரெடி மேடம்."

"நிஜமாவா?" அவளுக்குக் கண் கலங்கியது. ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் கடிதத்தை எப்படிக் கிழிப்பது, நீளவாக்கிலா குறுக்கிலா என்று யோசனை ஓடியது. "உங்க கால் பிரேக்ல இருக்குங்கிற தைரியத்துலதான் மாஸ்டர் வந்தேன்."

நன்றியோடு அந்தக் காலைக் குனிந்து பார்த்தாள். பிரேக்குக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்புதான் கிடந்தது. மாஸ்டரின் இரண்டு கால்களும் சீட்டின் மேல் சம்மணம் போட்டிருந்தன.

"அப்ப அந்தப் பிரேக்ல யார் காலுமே இல்லையா? போதும், திரும்பும்போது நீங்க ஓட்டுங்க மாஸ்டர்."

"நானா? நல்லா இருக்கே!" மாஸ்டர் கைப்பிடியை இன்னும் விடவில்லை. கண்ணாடி வழியாக ஹைவேயை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "எவ்வளவு அகலம் மேடம் இது! இருபது வருஷமா பாலத்தோடவே திரும்பிடுறேன். என்னையும் கூட்டிட்டு வர்ற அளவுக்கு ஒருத்தர் தேறட்டும்னுதானே காத்துக்கிட்டிருந்தேன்!"