நஃப்தாலி வெட்டிய கிணறு

"கிணறு வேணும்னா தாராளமா வெட்டிக் குடு. பேரு மட்டும் போட வேண்டாம்," என்றார் ஊரின் யூத மதகுருவான ராபி.

நஃப்தாலிக்குச் சுருக்கென்றது. ஊரிலேயே பெரிய மாவுக்கடை அவருடையது. சந்தைத் திடலில் கிணறு வெட்ட ரூபிள் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால், இப்படியா பதில் வரும்?

"ஜெபக்கூடத்துக்கு விளக்கு வாங்கிக் குடுத்த மரக்கடைக்காரர் பேரைப் பித்தளையில வெட்டி மாட்டியிருக்கீங்களே ராபி?"

"விளக்கு வேற. உனக்கும் பேருதான் வேணும்னா, ஜெபக்கூடத்துக் கூரையை மாத்திக் குடு. ஏழைப் பொண்ணுங்க கல்யாணத்துக்குக் குடு. பெரிய எழுத்துல போடறேன். கிணறும் பேரும் சேர்ந்து வேண்டாம்ப்பா."

"ஏன்னு சொல்லுங்க."

ராபி தாடியை நீவினார். எதையோ சொல்ல வந்து மென்று விழுங்கினார்.

"சில காரணத்தை வாயால சொல்லக் கூடாது. சொன்னாக் கேளு."

பொறாமை, வேறென்ன! நஃப்தாலி நேராகக் கல்தச்சனிடம் போய்த் தன் பெயரை உள்ளங்கை அகல எழுத்தில் வெட்டச் சொன்னார்.

கிணற்றுத் திறப்புக்கு ஊரே வாளியோடு வந்துவிட்டது. புதுக் கம்பளித் தொப்பியும் அதுவுமாகப் பாராட்டுக்குக் காத்து நின்றார் நஃப்தாலி.

செருப்புத் தைக்கும் ஸுஸ்மான் முதல் ஆளாக வந்து அவர் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுட்டேன் அண்ணே. மனசார மன்னிச்சுட்டேன்."

"எதுக்கு?"

"விடுங்க, அதையெல்லாம் இப்ப ஏன் கிளறிக்கிட்டு?"

அடுத்து ரொட்டிக்கடைக்காரர். "நானும் மன்னிச்சாச்சு. மத்தவன்னா கமுக்கமா வெட்டிட்டுப் போயிருப்பான். நீங்க பேரைப் போட்டு ஊரறிய ஒத்துக்கிட்டீங்களே, அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்!"

அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது. நஃப்தாலி ராபியைத் தனியே இழுத்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"எடையில ஏமாத்தின வியாபாரி, யார் யாருக்கு எவ்வளவு குறைச்சோம்னு தெரியலைன்னா, ஊருக்குப் பொதுவா கிணறு வெட்டணும். ஏமாந்தவங்க எல்லாரும் அதுல தண்ணி குடிப்பாங்க. நம்ம சட்டம் அதுப்பா. சபாத் பாடத்துல வருஷா வருஷம் சொல்றேனே!"

சனிக்கிழமை ஓய்வுநாளில் ராபி நடத்தும் அந்தப் பாடத்தின்போது, தின்ற வாத்துக்கறி மயக்கத்தில் நஃப்தாலி குறட்டை விடுவது ஊருக்கே தெரியும்.

"அதனாலதான் பேரு வேண்டாம்னேன்," என்றார் ராபி மெல்ல.

நஃப்தாலிக்கு முகம் செத்துப்போயிற்று. அடியில் குடைந்து கனம் குறைத்த தன் கடை எடைக்கல்லைப் பற்றித் தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்றல்லவா இருந்தார்! கடனுக்கு மாவு கொடுப்பது ஊரில் அவர் கடை ஒன்றுதான். எல்லாம் தெரிந்தும், வேறு வழியில்லாமல், இத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது. இல்லை என்று சாதிக்கவும் முடியாது. பெயர்தான் கல்லில் இருக்கிறதே!

கடைசியாக வந்தாள் பாஷா. புருஷன் போனபின் நாலு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்ப்பவள். அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

"அண்ணே, உங்க கடை மாவை எப்பவும் வீட்டுல மறுபடி நிறுத்துப் பார்ப்பேன். குறையறதை என் பங்கு ரொட்டியில கழிச்சுக்குவேன், பசங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. இன்னிக்குக் காலையில வாங்கினதை நிறுத்தே பார்க்கலை. அண்ணன்தான் திருந்திட்டாரேன்னு அப்படியே பிசைஞ்சு வச்சுட்டு வந்திருக்கேன். இன்னிக்கு நானும் வயிறாரச் சாப்பிடுவேன்!"

காலையில் அவளுக்கும் அதே கல்லில்தான் நிறுத்துப் போட்டிருந்தார் நஃப்தாலி.