வளையாத குழாய்

"இதுக்குப் பேர்தான் கழுவுறதா? குடலைப் புரட்டுது!" கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் நின்று கத்தினார் மேனேஜர். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் அந்தக் குடியிருப்பில் அவருக்கு அதுதான் பெயர்.

பெருக்கும் அம்மா வாளியைக் கீழே வைத்தாள். நான்கு நாளாக அதே படிகளை மருந்து ஊற்றித் தேய்த்துத் தேய்த்து அவள் விரல்நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது.

"காலையிலேருந்து மூணு தடவை கழுவிட்டேன் சார். நாத்தம் படியிலேருந்து வரல."

"அப்ப என் வீட்டுலேருந்து வருதா?"

கேட்டார் பாருங்கள், அவர் வீட்டில்தான் அது தாங்கவில்லை. மேல்மாடி வீடு. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் சாக்கடை வாடை முகத்தில் அறைந்தது. பால் பொங்கினாலும் அதே வாடை, காப்பி கலந்தாலும் அதே வாடை. ஒரு வாய் உள்ளே இறங்காமல் அவர் மனைவி நேற்றே தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மேனேஜர் உடனே ஒரு புகார் எழுதினார். துப்புரவில் அலட்சியம், இன்றே வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று கீழே இரண்டு கோடு வேறு. அந்தத் தாளோடுதான் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மேலே வந்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று குழாய் ரிப்பேர்காரனையும் அழைத்து வந்து மொட்டைமாடிக்கு அனுப்பியிருந்தார்.

மேனேஜர் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. நடுவில் முக்காலி போட்டு, கறுப்புப் பெயின்ட் அடித்த டெலஸ்கோப் ஒன்று ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து நின்றது. மூலையில் குப்பைமேடு போல வேண்டாத குழாய்கள்.

"நானே செஞ்சது," என்றார் மேனேஜர். அத்தனை குமட்டலிலும் அதைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. "லென்ஸ் யார் வேணா வாங்கலாம் சார். குழாய் கிடைக்கிறதுதான் குதிரைக்கொம்பு. அந்த அட்டைக் குழாய் துணிக்கடையில குடுத்தது, ஈரம் பட்டதும் உப்பிடுச்சு. த்தூ! அலுமினியம் வண்டியில வரும்போதே நசுங்கிடுச்சு. புது பிளாஸ்டிக் குழாய் காகிதம் மாதிரி இருக்கு. லென்ஸை மாட்டினா நடுவுல தொய்யுது. இப்ப எவன் ஒழுங்கா பண்றான்?"

"அப்ப இது?" என்றார் செயலாளர். மூச்சை அடக்கிக்கொண்டு பேசியதில் அவர் குரல் கம்மியது.

"இது பழைய சரக்கு. பத்து வருஷம் வெயிலையும் மழையையும் பார்த்துட்டு இம்மிகூட வளையாம நின்ன குழாய். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணி ஓடின கறை கிடையாது. வாய் வச்சு ஊதிப் பார்த்தேன், தூசிகூட வரல. ஞாயித்துக்கிழமை லென்ஸை இறக்கினேன், தச்சுப்போட்ட சட்டை மாதிரி உட்கார்ந்துச்சு. எல்லாருக்கும் இது கண்ணுல படாது சார்."

செயலாளருக்குக் குழாயும் வேண்டாம், நிலாவும் வேண்டாம், வெளியே ஓடினால் போதும் என்றிருந்தது. புகாரில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

வாசலிலேயே நின்றிருந்த பெருக்கும் அம்மா ஓரடி உள்ளே வந்தாள்.

"சார், ரெண்டு தெரு தள்ளித்தான் என் வீடு. படுத்த படுக்கையாக் கிடக்குற மனுஷனை மத்தியானம் ஓடிப்போய்ப் புரட்டிப் போட்டு, ஊட்டிட்டு வர்றேன். தூரத்துல வேலைன்னா அவருக்கு யாரு சார் இருக்கா?"

"சொந்தக் கதையெல்லாம் வேண்டாம். சுத்தம்னா சுத்தம்!" என்றார் மேனேஜர். "முதல்ல வெளியே நில்லு. உன் மேலயும் அதே வாடை."

அவள் முகம் சுண்டிப்போனது. நான்கு நாளாக அவர் வீட்டு வாசலையும் சேர்த்துக் கழுவிய உடம்பு அது.

அப்போது ரிப்பேர்காரன் படியிறங்கி வந்தான். "சார், அக்கா மேல தப்பில்ல. கழிவுத் தொட்டி நாத்தத்தை மேலே கொண்டுபோய் விடுற குழாயை யாரோ ரம்பம் போட்டு அறுத்துட்டுப் போயிருக்காங்க. ஒரு மீட்டர் இருக்கும். மிச்சக் குழாய் இந்த வீட்டு அடுக்களை ஜன்னலுக்கு மேலே வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது."

"அட அசிங்கம் பிடிச்ச ஜென்மமே!" மேனேஜர் துள்ளிக் குதித்தார். "மலம் போற குழாயைக்கூடவா திருடுவாங்க? மொட்டைமாடிச் சாவி யார்கிட்ட இருக்கு? இவகிட்டதானே! பழைய இரும்புக் கடையில போட்டிருப்பா. வேலையை விட்டு எடுத்தாப் பத்தாது சார், போலீசுக்குச் சொல்லுங்க!"

"சாவி உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கே," என்று முணுமுணுத்தார் செயலாளர்.

"நான் நட்சத்திரம் பார்க்கப் போறவன்யா!"

பெருக்கும் அம்மா அழவில்லை. ரிப்பேர்காரனிடம் திரும்பினாள். "ஏன் தம்பி, துணிக்கொடிக்குப் பக்கத்துல மொட்டையா ஒண்ணு நிமிர்ந்து நிக்குமே, அதுவா?"

"அதேதான்க்கா. அதுல தண்ணி வராது, வெறும் காத்துதான். பார்க்கிறவங்களுக்கு எதுக்கும் உதவாத குழாய் மாதிரிதான் தெரியும்."

மேனேஜரின் கைக்குட்டை மூக்கிலிருந்து மெல்ல இறங்கி வாயைப் பொத்தியது.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முக்காலியின் பக்கம் வந்து கையை நீட்டினாள்.

"லென்ஸை மட்டும் கழட்டிக்கிட்டுக் குழாயைக் குடுங்க சார்."