உள்ளதைச் சொல்பவள்

"எமிலியானுஸ் மனுசியைப் பிரிஞ்சு கனகாலம். விவாகரத்து இல்லாட்டிலும் பரவாயில்லை. நீங்கள் ரெண்டுபேரும் ஒரு வருசமாவது குடும்பமா இருந்தனீங்கள் எண்டு ஒராள் சாட்சி சொன்னால், அவர் உங்களை இந்த நாட்டில இருக்க ஸ்பொன்சர் செய்யலாம்," என்றார் லோயர்.

அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்த ஜெசிந்தாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி அது. ஆனால் எமிலியானுஸோடு குடும்பமாக இருந்த மூன்று வருடமும் மொன்றியல் பங்குக் கோயிலில் அவரை "அண்ணை" என்றே கூப்பிட்டவள்; கேட்டவர்களுக்கெல்லாம் அவர் வீட்டில் வாடகைக்கு இருப்பதாகச் சொன்னவள்.

உண்மை தெரிந்தவள் கீழ்வீட்டுத் திரேசம்மா மட்டுந்தான். ஜெசிந்தாவின் காய்ச்சலுக்குக் கஞ்சி கொண்டுவந்தபோது, வீட்டில் ஒரே கட்டிலைக் கண்டவள். பொய் அவள் வாயில் வராது. சுவாமியாரிடமே முகத்துக்கு நேரே உள்ளதைச் சொல்பவள். வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்ட ஜெசிந்தா, அவளுக்குச் சொல்லாமலே அவளைச் சாட்சியாகப் போட்டு, அவளுடைய போன் நம்பரை லோயரிடம் எழுதிக்கொடுத்தாள்.

ஞாயிறு பூசைக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றபோது, திரேசம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, இமிகிரேசனில இருந்து போன் அடிச்சுத் தமிழில கேட்டவை, நீங்கள் புருசன் பெண்சாதியோ எண்டு."

"என்ன சொன்னனீங்கள், அக்கா?"

"நான் உன்னை விட்டுக்குடுப்பனே? அண்ணன் தங்கச்சி மாதிரி எண்டு மாதாமேல சத்தியம் பண்ணினன். உன்ரை மானம் தப்பிட்டுது. பொய் சொன்ன பாவத்தை நான் இண்டைக்குச் சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லிப்போடுறன்."