சிவப்புக் கோடு

ஷெட்டில் தானே கட்டிய குட்டி விமானத்தின் வேகமானியில் புஷ்பலீலா இரண்டு கோடுகளைப் பறந்து பார்த்தே வரைந்திருந்தாள். தரையிறங்கும்போது இறக்கையின் பின்மடிப்பான ஃபிளாப்பை இறக்கும் வேகத்துக்கு வெள்ளை, நிதானமாகப் பறக்கும் வேகத்துக்குப் பச்சை. தாண்டினால் இறக்கை பிய்ந்துவிடும் என்கிற சிவப்பு மட்டும் பாக்கி. அதை அவளைக் கேட்காமல் அண்ணன் கஸ்பார், பச்சை முடிகிற இடத்திலேயே நெயில் பாலிஷால் போட்டுவிட்டான். அவள் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

“உனக்கு இவ்வளவு வேகம் போதும்ட்டி,” என்றான்.

“அது நீ பயந்த எடம்ண்ணே.” விமானத்தைத் தட்டினாள். “இவ தாங்குற எடம் மேலதான் தெரியும். போய்ப் பாத்துட்டு வந்து நானே போடுதேன்.”

“அதைப் பாத்துட்டு எப்பிடிட்டி திரும்பி வருவ?”

ஏறி உட்கார்ந்து, ஓடுபாதையான உப்பளத்துப் பாதையைப் பார்த்து எஞ்சினைக் கிளப்பினாள். நெயில் பாலிஷ் புட்டியைத் திறந்து அவன் கையில் திணித்தாள்.

“மூடாத. காயுறதுக்குள்ள வந்துருவேன்.”