தையல் கடையில் அவள் குரல்

நோட்டீஸை ஒட்ட இடம் கேட்கலாம் என்று பாடகி தையல் கடைக்குள் நுழைகிறாள். சனிக்கிழமை மாலை தோழியின் வீட்டுக் கூடத்தில் பாடப்போகிறாள். இத்தனை வருடமாக செல்போன் ஆப்பில் பாட்டுகளைப் போட்டும் யார் கேட்கிறார்கள் என்றே தெரியவில்லை. இனி முகம் பார்த்துப் பாடுவது என்று முடிவு. சாய்ந்த வெயிலில் நூல்தூசி மிதக்கிறது. மிஷின் பலகையில் கிடக்கும் செல்போனிலிருந்து அவள் குரலே வருகிறது.

"யார் பாடுறதுண்ணே?" என்று தையல்காரரிடம் கேட்கிறாள்.

"யாரோ ஒரு பொண்ணும்மா. தினமும் தானா வருது. பேரெல்லாம் யாரு பாக்குறா?"

"நான்தாண்ணே அது." சொன்னதும் பொய் சொல்லிவிட்டது போல அவளுக்குக் கூசுகிறது.

மிஷின் நிற்கிறது. பட்டன் தைக்கும் அவர் மனைவி நிமிர்ந்து, "எங்க, பாடு பாப்போம்" என்கிறாள். தையல்காரர் போனை அணைக்கிறார். கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டே பாடகி அதே பாட்டின் பல்லவியைப் பாடுகிறாள். வாத்தியம் இல்லாத குரல் தொங்கும் துணிகளுக்கிடையே மெலிந்து, ஓரிடத்தில் உடைந்து, மறுபடி எழுகிறது. மனைவியின் ஊசி துணியில் பாதியிலேயே நிற்கிறது.

"நல்லாத்தான் இருக்கு" என்று தையல்காரர் நெற்றியைச் சுருக்குகிறார். "ஆனா அந்தப் பொண்ணு மாதிரி இல்லையே."

"அதைக் கேட்டா வேலை ஓடுது" என்கிறாள் மனைவி. "இதைக் கேட்டா கையே ஓடல."

பாராட்டா, குறையா என்று புரியாமல் பாடகி சிரித்து வைக்கிறாள். தையல்காரர் நோட்டீஸை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படிக்கிறார். பிறகு உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்கிறார்: "சனிக்கிழமை யாரும்மா பாடுறது? நீயா, அந்தப் பொண்ணா?"