முப்பதாவது கோடு

டிசம்பர் முப்பத்தொன்று, மதியம் மூன்று மணி. முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் வாசலில், வேப்பமரத்தடி இஸ்திரி வண்டிக்குப் பின்னால் நின்றபடியே தேசம்மா கதை படிக்கிறாள். புத்தகம் மூடிக்கொள்ளாமல் இருக்க இரண்டு பக்கமும் துணி கிளிப் மாட்டியிருக்கிறாள். இலை நிழல் எழுத்துகளின் மேல் ஆடுகிறது. சட்டைக் கையைத் திருப்பிப் போடும்போது இரண்டு வரி, பெட்டியின் சாம்பலை ஊதும்போது இரண்டு வரி. வண்டிப் பலகையில் சாக்பீஸால் இருபத்தொன்பது கோடுகள்; வருடத்துக்கு முப்பது புத்தகம் என்று ஜனவரியில் அவளே தனக்கு வைத்துக்கொண்டது. பக்கத்தைத் திருப்புகிறாள். பின்னட்டை வருகிறது. பழைய பேப்பர் கடையில் எடுத்த புத்தகம். கடைசித் தாள்களை யாரோ கிழித்திருக்கிறார்கள். கிழிசலின் ஓரத்தை விரலால் தடவுகிறாள். துணி வாங்க வந்த மூன்றாவது மாடி அகல்யா எட்டிப் பார்க்கிறாள். “மொத்தமும் படிச்ச மாதிரிதானேக்கா, கோட்டைப் போட்டுடுங்க. யாரு கேக்கப் போறா?” “நான் கேப்பனேம்மா.” தேசம்மா கிளிப்புகளைக் கழற்றுகிறாள். பலகைக்கு அடியிலிருந்து வேறொரு புத்தகத்தை இழுத்து, கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறாள். இருக்கிறது. முதல் பக்கத்தை விரித்து, கிளிப்பை அழுத்தி மாட்டுகிறாள். “மணி மூணுதான ஆவுது.”