இனிப்பைத் தொடாத எலிகள்

மடவார் வளாகத்து வைத்தியநாதர் சாட்சியாக இதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. ஜெயபாண்டிக்கு மருந்துக் கல்லூரியில் எலிகளை வாட்டுகிற வேலை. கூண்டைச் சாய்த்து வைப்பார். எலிப் படுக்கையில் தண்ணீர் ஊற்றுவார். மாதக்கணக்கில் வாட்டினால் மூளையின் சுரப்பே மாறிப்போய், எலி சீனித் தண்ணீரை விட்டு வெறுந்தண்ணீர் குடிக்கும். அதுதான் ஆராய்ச்சி.

ஒரு சாயங்காலம் அலுத்துப்போய் இராஜபாளையத்து வீட்டுக்கு வந்தவருக்கு மனைவி ஆனந்தவல்லி பால்கோவா வைத்தாள். அவர் அதைத் தள்ளிவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

"பால்கோவான்னா உசுர விடுவியளே, ஏன் ஒதுக்குதிய?"

"அது கெடக்கட்டும். ஏட்டி, கட்டில் ஏன் சாஞ்சு கெடக்கு? மெத்தையெல்லாம் ஈரம்."

"ரொம்ப நாளா அப்படித்தான் கெடக்கு. நீங்கதான் செய்தியன்னு இருந்தேன்."

அவளும் பால்கோவாவைத் தொடவில்லை. செம்பை வாங்கி மிச்சத் தண்ணீரைக் குடித்தாள்.

அந்தக் கல்லூரிக்கு எலி வளர்க்க இன்னும் அனுமதி வரவில்லை; அங்கே இதுவரை ஒரு எலிகூட வந்ததில்லை.